ஈப்போவுக்குக் குடிபெயரலாமா? பட்டியல் போடுவது வேறு, சீர்தூக்குவது வேறு

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்காகவும் அவர்களுக்கு விவாதக் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

“பெருநகரை விட்டு நடுத்தர நகரத்தில் குடியேறுவதால் ஏற்படும் நன்மை தீமைகளை ஆராய்க.” இப்படி ஒரு தலைப்பைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பில் பாதிப் பேர் “இது சுலபம், டீச்சர்” என்பார்கள். பத்து நிமிடத்தில் குறிப்பு தயாராகிவிடும். நன்மைகள்: தூய காற்று, நெரிசல் குறைவு, செலவு குறைவு, மன அமைதி. தீமைகள்: வேலை வாய்ப்பு குறைவு, பொழுதுபோக்கு குறைவு. நாலுக்கு ரெண்டு. “ஆகவே, நன்மைகளே அதிகம் என்பதால் குடியேறுவது சாலச் சிறந்தது.” கட்டுரை முடிந்தது.

எழுத்துப் பிழை இருக்காது. பத்தியும் ஒழுங்காகப் பிரித்திருப்பார்கள். ஆனா ஒரு கேள்வி. ஒரு குடும்பம் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டைக் காலி செய்யுமா? செய்யாது. ‘வேலை கிடைக்காது’ என்ற ஒரே ஒரு தீமை, மேலே சொன்ன நான்கு நன்மைகளையும் விழுங்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தராசில் ஒரு தட்டில் நான்கு பஞ்சுப் பொதி, மறுதட்டில் ஒரு படிக்கல். எந்தப் பக்கம் தாழும்? நாம் எண்ணிப் பார்த்தோமே தவிர, எடை போடவில்லை.

தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: சீர்தூக்குதல். ‘சீர்’ என்பதற்குத் துலாம், அளவு என்ற பொருள்களும் உண்டு. தூக்கிப் பார்த்து நிறுப்பதுதான் சீர்தூக்குவது. அதை எப்படிச் செய்வது? ஈப்போவை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஊரின் பெயரைச் சொல்லுங்கள்

‘நடுத்தர நகரம்’ என்று பொதுவாக எழுதும்போது கருத்துகளும் பொதுவாகவே வரும். ‘மாநகர்’ என்ற பட்டத்தை மட்டும் நம்பவும் முடியாது. சிரம்பான் 2020இலும் குவாந்தான் 2021இலும் மாநகர் தகுதி பெற்றன. அதனால் அவை கோலாலம்பூர் ஆகிவிடவில்லை. ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள், அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈப்போ பேராக் மாநிலத்தின் தலைநகர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம்தான் இந்த ஊரை வளர்த்தது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, இளையோர் வேலை தேடித் தெற்கே போனார்கள். இதில் ஒரு வேடிக்கை: ஈப்போ மாநகர் தகுதி பெற்றதே 1988இல்தான். ஈயம் போன பிறகுதான் பட்டம் வந்தது.

இன்று அங்கே என்ன இருக்கிறது? மாநகரில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரம். 2010இல் மின்ரயில் சேவை வந்த பிறகு ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, நாட்டின் முதல் பல்தொழில்நுட்பக் கல்லூரியான உங்கு ஓமார், ஆசிரியர் கல்விக் கழகம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. கம்பார் பல்கலைக்கழகமும் பக்கம்தான். யூனிசெம், கார்செம் போன்ற மின்னியல் தொழிற்சாலைகள் வேலை தருகின்றன.

இல்லாதவையும் உண்டு. நகருக்குள் எல்.ஆர்.டி.யோ எம்.ஆர்.டி.யோ கிடையாது. சொந்த வாகனம் இல்லையென்றால் சிரமம். தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூரில் இருக்கிறது. தேசியப் புற்றுநோய்க் கழகம் புத்ராஜெயாவில் இருக்கிறது.

பாருங்க, ‘வசதிகள் குறைவு’ என்ற ஒரு வரி இப்போது எவ்வளவு தெளிவாகிவிட்டது! ‘மருத்துவ வசதி இல்லை’ என்று எழுதினால் அது பொய். ‘பெரிய அரசு மருத்துவமனை உண்டு, ஆனால் தேசிய அளவிலான சில சிறப்பு மையங்களுக்கு 200 கிலோமீட்டர் போக வேண்டும்’ என்று எழுதினால் அது கருத்து.

இன்னொரு எச்சரிக்கை. 2016இல் லோன்லி பிளானட் பயண நிறுவனம், ஆசியாவில் பார்க்க வேண்டிய சிறந்த இடங்களின் பட்டியலில் ஈப்போவைச் சேர்த்தது. சுண்ணாம்புக்கல் மலை, வெள்ளைக் காப்பி, பழைய நகரத்துச் சுவரோவியம் எல்லாம் பார்க்கிறவருக்கு அழகு. குடியிருப்பவருக்கு வேண்டியவை வேறு. வார இறுதியில் சுற்றிப் பார்த்த ஊர் வேறு, செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் ஊர் வேறு.

2. யார் போகிறார்?

நன்மை தீமை ஊரில் மட்டும் இல்லை, போகிற ஆளிலும் இருக்கிறது. அதே ஈப்போவை மூன்று பேர் பார்க்கட்டும்.

முதலாமவர் ஓர் அரசாங்கப் பள்ளி ஆசிரியை. இடமாற்றம் கிடைத்தால் அவருடைய அடிப்படைச் சம்பளம் குறையாது. இடத்துக்கு ஏற்ப மாறும் உதவித்தொகைதான் கூடக் குறைய வரும். இரண்டாமவர் தனியார் நிறுவனக் கணக்காளர். ஈப்போவில் அதே வேலைக்குக் குறைந்த சம்பளம் பேசப்படலாம். மூன்றாமவர் இப்போதுதான் பட்டம் பெற்ற இளைஞர். அவருக்குச் சம்பளத்தைவிட முக்கியம், அடுத்தடுத்து வேலை மாறி அனுபவம் சேர்க்கும் வாய்ப்பு.

‘செலவு குறையும்’ என்பது மூவருக்கும் பொருந்தும். ‘வருமானம் குறையும்’ என்பது முதலாமவருக்குப் பொருந்தாது. ‘முன்னேற்ற வாய்ப்பு குறையும்’ என்பது மூன்றாமவரைத்தான் அதிகம் பாதிக்கும். ஆகவே கட்டுரையில் “மக்கள்” என்று எழுதப்போகும்போது ஒரு நொடி நில்லுங்கள். எந்த மக்கள்?

3. பணத்தை முழுதாகக் கணக்குப் பார்க்கவும்

“நடுத்தர நகரில் செலவு குறைவு” என்பதே மாணவர்கள் அதிகம் எழுதும் வரி. உண்மைதான். ஆனா பாதி உண்மை. அந்தக் கணக்காளரை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் கணக்கு காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில்:
சம்பளம் 5,000 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கையில் 4,450.
வாடகை 1,800, பெட்ரோலும் டோலும் 600, குழந்தைப் பராமரிப்பு 800. மொத்தம் 3,200.
மீதி 1,250.

ஈப்போவில்:
சம்பளம் 3,800 ரிங்கிட். சேமநிதி போகக் கையில் 3,382.
வாடகை 1,000, பெட்ரோல் 250, குழந்தைப் பராமரிப்பு 500. மொத்தம் 1,750.
மீதி 1,632.

செலவு 1,450 ரிங்கிட் குறைந்திருக்கிறது. கையில் 382 ரிங்கிட் கூடுதலாக நிற்கிறது. “அப்போ போகலாம்தானே?” என்று கேட்கத் தோன்றும். இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளியும் 13 விழுக்காடு சேமநிதி கட்டுகிறார். இருவர் பங்கும் சேர்ந்தால் 24 விழுக்காடு. கோலாலம்பூரில் மாதம் 1,200 ரிங்கிட் சேமநிதியில் சேரும். ஈப்போவில் 912தான் சேரும். மாதம் 288 ரிங்கிட் குறைவு. முதுமைக்கான பணம் அது.

382இல் 288 போனால் 94. செலவில் 1,450 ரிங்கிட் மிச்சம் என்று தொடங்கிய கணக்கு 94 ரிங்கிட்டில் வந்து நிற்கிறது. மாதம் ஒரு முறை உறவினரைப் பார்க்கக் கோலாலம்பூர் போய் வந்தால் அதில் பெரும்பகுதி பெட்ரோலுக்கும் டோலுக்கும் சரியாகிவிடும்.

இதே செலவுக் குறைப்பை முதலாமவரான ஆசிரியைக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளமும் சேமிப்பும் பெரிதாக மாறாததால் அவருக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கும் மேல் உண்மையான லாபம். ஊர் ஒன்றுதான், வாடகையும் ஒன்றுதான். விடை வேறு.

புள்ளிவிவரம் சேர்க்க விரும்பும் மாணவர்களுக்கு: 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோலாலம்பூரின் நடுநிலைக் குடும்ப வருமானம் மாதம் 10,000 ரிங்கிட்டைத் தாண்டியது. பேராக் மாநிலத்தில் அது 5,000ஐ எட்டவில்லை. நடுநிலை என்றால், எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவே நிற்கும் குடும்பத்தின் வருமானம். ஆனா கவனம்! பேராக் என்பது ஈப்போ மட்டுமல்ல. கெரிக்கும் பாகான் டத்தோவும் அதில் அடங்கும். மாநில எண்ணை நகர எண்ணாக எழுதினால் வாதம் ஆட்டம் காணும்.

4. நேரத்துக்கும் எடை உண்டு

பணம் ஏறக்குறைய சமமாகிவிட்டது. அப்படியானால் முடிவை எது தீர்மானிக்கும்? நேரமாக இருக்கலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பலருக்கு இது மிகையான கணக்கு இல்லை. ஈப்போவில் அது 40 நிமிடம் என்று வைத்தால், நாளுக்கு 80 நிமிடம் மிச்சம். மாதம் 22 வேலை நாள் என்றால் 1,760 நிமிடம், அதாவது 29 மணி நேரத்துக்கும் சற்று மேல்.

“நெரிசல் குறைவு” என்று எழுதுவதற்கும், “மாதத்தில் 29 மணி நேரம் குடும்பத்துக்குக் கிடைக்கிறது” என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பின்னதைப் படிக்கிறவர் உடனே தன் வீட்டை நினைத்துப் பார்ப்பார். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த 29 மணி நேரத்துக்கு விலையே இல்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருவருக்கோ அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது. ஏற்கெனவே அவர் சாலையில் இல்லையே!

5. இரண்டாவது வேலை, இரண்டாவது ஆள்

பட்டியல் போடும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் இரண்டு கேள்விகள் இவை.

ஒன்று: கிடைத்த வேலை போய்விட்டால் என்ன செய்வது? தலைநகரில் ஒரு நிறுவனம் மூடினால் அதே துறையில் இன்னும் பல கதவுகளைத் தட்டலாம். நடுத்தர நகரில் அந்தத் துறைக்கு இரண்டே நிறுவனங்கள் இருக்கலாம். ஒரே பொருளை நம்பியிருந்த ஊருக்கு என்ன நடக்கும் என்பதை 1985இல் கிந்தா பள்ளத்தாக்கே பார்த்தது. ஊருக்குப் பொருந்தும் பாடம் ஆளுக்கும் பொருந்தும். முதல் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டுமுன் இரண்டாவது வேலை எங்கே இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும். ‘ஆழமறியாமல் காலை இடாதே’ என்ற பழமொழிக்குப் பொருத்தமான இடம் இதுதான், மாணவர்களே. முன்னுரையில் அலங்காரத்துக்காக ஒட்டாமல் இங்கே பயன்படுத்துங்கள்.

இரண்டு: உடன் வருகிறவர் என்ன செய்வார்? கணவருக்கு ஈப்போவில் வேலை கிடைத்து, மனைவியின் வேலை ஷா ஆலாமிலேயே இருந்தால்? இரண்டு வீட்டு வாடகை, வாரந்தோறும் பயணம், பிள்ளை யாரிடம் என்ற கேள்வி. மேலே போட்ட கணக்கு முழுவதும் தலைகீழாகும். ஆசிரியர் தம்பதியர் பலருக்கு இந்த நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

இதோடு, ‘பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாமா?’ என்றும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகைக்குப் போனால் திரும்பலாம். கோலாலம்பூர் வீட்டை விற்றுவிட்டுப் போனால், ஐந்து ஆண்டு கழித்து அதே விலைக்கு அதே வீட்டை வாங்க முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. திரும்ப வழியுள்ள முடிவைத் துணிந்து எடுக்கலாம். வழி அடைபட்டுவிடும் முடிவுக்குக் கூடுதல் எடை வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

6. எண்ணில் அடங்காதவை

எல்லாவற்றையும் ரிங்கிட்டாகவும் நிமிடமாகவும் மாற்ற முடியாது. மாற்ற முடியாதவற்றுக்கு எடை இல்லை என்று ஆகிவிடாது.

நாட்டில் அதிகத் தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் பேராக். 130க்கும் மேற்பட்ட பள்ளிகள் அங்கே இருக்கின்றன. தைப்பூசத்துக்குக் கல்லுமலை இருக்கிறது. புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுத்துப் பிழைப்பு நடத்திய குடும்பங்களின் தொடர்ச்சி இன்றும் இருக்கிறது. ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இவை வெறும் ‘பொழுதுபோக்கு’ அல்ல. பிள்ளை எந்த மொழிச் சூழலில் வளரும் என்ற கேள்வி இதில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழ்ப்பள்ளிகளும் தமிழ் அமைப்புகளும் நிறையவே உண்டு. ஆகவே ‘அங்கே தமிழ் இல்லை’ என்று எழுதக் கூடாது. வீட்டிலிருந்து அவை எவ்வளவு தூரம், போய்வர நேரம் உண்டா என்பதுதான் கேட்க வேண்டியது.

அடுத்தது பெற்றோர். மூத்தோர் விகிதம் அதிகமாக உள்ள மாநிலங்களில் பேராக் ஒன்று. இளையோர் பலர் வெளியே போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம். அவர்களில் சிலர் நாற்பது வயதில் ஈப்போவுக்குத் திரும்புவதைப் பற்றி யோசிக்கும்போது, வெள்ளைக் காப்பியும் நெரிசல் இல்லாத சாலையும் அவர்கள் மனத்தில் முதலில் வருவதில்லை. அம்மாவுக்கு ராத்திரியில் மூச்சுத் திணறினால் பத்து நிமிடத்தில் போக முடியுமா, மூன்று மணி நேரம் ஆகுமா என்பதுதான் வருகிறது. இந்த ஒரு காரணம், வருமானக் குறைவையும் வாய்ப்புக் குறைவையும் சேர்த்தே தூக்கிவிடலாம். அது தவறான கணக்கு என்று யார் சொல்ல முடியும்?

7. முடிவுரையில் என்ன எழுதுவது?

விவாதக் கட்டுரையின் முடிவுரையில் எழுதியவரின் நிலைப்பாடு தெரிய வேண்டும். “இரண்டு பக்கமும் நன்மை தீமை உண்டு, அவரவர் விருப்பம்” என்று முடித்தால் அது நழுவல். “நன்மையே அதிகம்” என்றால் அது எண்ணிக்கை. யாருக்கு, எந்த நிபந்தனையில், எந்தக் காரணத்துக்காக என்று மூன்றையும் சொன்னால் முடிவு உறுதியாக நிற்கும். ஒரு மாதிரி:

“சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, வருமானம் குறையாத பணியில் இருப்போர்க்கும், முதிய பெற்றோரைப் பேணும் கடமை உடையோர்க்கும் ஈப்போ போன்ற நடுத்தர நகரில் குடியேறுவது பயன் தரும் எனலாம். வாடகையில் மிச்சமாகும் பணத்தைக் காட்டிலும், குடும்பத்திற்குத் திரும்பக் கிடைக்கும் நேரமே இதற்குத் தலையாய காரணம். எனினும், பணி அனுபவத்தை இனிமேல்தான் சேர்க்கவேண்டிய இளையோர், அந்நகரில் தங்கள் துறையில் மாற்று வேலைக்கு வழி உண்டா என்பதை உறுதிசெய்த பின்னரே முடிவெடுத்தல் நலம்.”

மூன்றே வாக்கியம். பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. ஆனா இதை எழுதியவர் யோசித்திருக்கிறார் என்று படித்ததுமே தெரியும்.

உதவும் தொடர்கள்: ‘சீர்தூக்கிப் பார்க்குமிடத்து’, ‘இதை மறுப்பதற்கில்லை, எனினும்’, ‘மேலோட்டமாகப் பார்த்தால் … ஆழ்ந்து நோக்கின்’, ‘இக்கூற்று … க்குப் பொருந்தும், … க்குப் பொருந்தாது’. கடைசித் தொடரை மட்டுமாவது பழக்கிவிடுங்கள். அதை எழுதத் தொடங்கினாலே மாணவர் சிந்தனை பிரிந்து ஆராயத் தொடங்கிவிடும்.

ஆசிரியர்களுக்கு: இரண்டு பாடவேளை நடவடிக்கை

முதல் பாடவேளையில் வகுப்பை நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆள்: அரசு ஊழியர், தனியார் ஊழியர், புதிய பட்டதாரி, பணி ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் ஒரே ஊர், ஒரே தகவல் தாள். மூன்றாம் பகுதியில் உள்ள கணக்கைத் தங்கள் ஆளுக்கு ஏற்ப மாற்றிப் போடச் சொல்லுங்கள். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் வாய் திறக்கும் அபூர்வ நேரம் இது, விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் தன் முடிவை ஒரே ஒரு காரணத்தோடு சொல்ல வேண்டும். “உங்களுக்கு ஒரு காரணம் மட்டும் அனுமதி, எதை வைத்துக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள். ஐந்து காரணத்தை அடுக்குவது எளிது. நான்கைக் கீழே வைத்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால்தான் எடை போடத் தொடங்குவார்கள். அதன் பிறகு எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பள்ளி ஈப்போவிலேயே இருந்தால் தலைப்பைத் திருப்பிப் போடுங்கள்: “நம் ஊரை விட்டுத் தலைநகருக்குப் போகலாமா?” மாணவர்களே, உங்களில் பலருக்கு இது தேர்வுத் தலைப்பாக மட்டும் நின்றுவிடப் போவதில்லை. எஸ்.பி.எம். முடிந்ததும் கல்லூரி எந்த ஊரில் என்று வீட்டில் பேச்சு தொடங்கும். ‘இக்கரை மாட்டுக்கு அக்கரை பச்சை’ என்று ஒருவர் சொல்வார், ‘வெளியே போனாத்தான் முன்னேற முடியும்’ என்று இன்னொருவர் சொல்வார். அப்போது ஒரு தாளை எடுத்து, யாருக்கு, எவ்வளவு பணம், எவ்வளவு நேரம், திரும்ப வழி உண்டா, யாரை விட்டுப் போகிறோம் என்று ஐந்து வரி எழுதிப் பாருங்கள். பெற்றோரையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள்.